கை தட்டினால் நிற்கும் நாடகம்

வாசல் மரத்தில் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தொங்குகிறது. ஒரு பையன் போல்ட்டால் அதை ஓங்கி அடிக்கிறான். பள்ளி தொடங்கிவிட்டது.

2014 ஜூலை. தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலம். இரிங்கா வட்டாரத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர். இங்கே இது குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி அரைக்கை டி-சர்ட்டோடு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

மாணவர்கள் வரிசையாக வருகிறார்கள். பச்சை ஸ்வெட்டர். ஒரு கையில் நோட்டு. மறு கையில் தண்ணீர் வாளி, அல்லது விளக்குமாறு. எல்லார் தலையும் ஒட்ட மழித்திருக்கிறது. பாவாடையைப் பார்த்துத்தான் பெண்பிள்ளை என்று தெரிகிறது.

மேற்கே லாரிச் சத்தம். தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவுக்குப் போகும் சாலை. லாரிகள் டீசல் ஏற்றிக்கொண்டு போகின்றன, செம்பு ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. இருட்டினால் நிற்கின்றன. நிற்கும் இடங்களில் சாப்பாட்டுக் கடை, பீர்க் கடை, வாடகை அறை. கடைக்காரப் பெண்கள் டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

கிராம மருத்துவ நிலையத்தின் சுவரில் ஒரு தாள். 2011–12 கணக்கெடுப்பு. 15 முதல் 49 வயதுக்குள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நாடு முழுவதும் 5.1 சதவீதம். இரிங்காவில் 9.1. பக்கத்து நிஜோம்பேயில் 14.8. தாளின் ஒரு முனை பசை விட்டு மடங்கியிருக்கிறது. அதன் பக்கத்தில் ஆண்களுக்கான சுன்னத்து அறுவை சிகிச்சை விளம்பரம். இலவசம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் கூட்டம். குளிரில் புண் சீக்கிரம் ஆறும் என்பது ஊர் நம்பிக்கை. விளம்பரப் படத்தில் இருப்பவர் சிரிக்கிறார். பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிக்கவில்லை.

ஆறு பேர் வந்திருக்கிறார்கள். மூன்று பேர் தான்சானியர்கள். மூன்று பேர் பிரிட்டனிலிருந்து. பிரிட்டிஷ் அரசு பணம் கொடுக்கும் இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ் திட்டம், 2011-இல் தொடங்கியது. 18 முதல் 25 வயது வரை. இந்த நாட்டுக்காரர் ஒருவர், அந்த நாட்டுக்காரர் ஒருவர் என்று ஜோடி. கிராமத்து வீட்டில் ஒன்றாகத் தங்கல். ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு அடுத்த குழு.

தலைமையாசிரியர் அறை. முதலில் வருகைப் பதிவேடு. தேதி, பெயர், ஊர், வந்த நோக்கம், கையெழுத்து. முதலில் எழுதுகிறவள் ம்பேயா நகரத்துப் பெண். நோக்கம் என்ற கட்டத்தில் ‘சுகாதாரக் கல்வி’ என்று எழுதுகிறாள். மற்ற ஐந்து பேரும் கீழே மேற்படிக் குறி போடுகிறார்கள்.

தலைமையாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். நாடகம் போடலாம். கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். பேனாவால் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டுகிறார்.

“அது மட்டும் இங்கே வேண்டாம்.”

பெட்டி மேஜைக்கு அடியில் போகிறது. மேலே ‘சலாமா’ என்று அச்சிட்டிருக்கிறது. 1993 முதல் இந்த நாட்டில் விற்கும் ஆணுறை. பெட்டிக் கடைகளில் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் பக்கத்தில் இருக்கிறது. தலைமையாசிரியர் காலை நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.

வகுப்பறைக்குப் பின்னால் ஒத்திகை. லீட்ஸ் நகரத்துப் பையன் உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் வசனம் எழுதுகிறான். சுவாஹிலியில் ஏழு வார்த்தை. கை வியர்க்கிறது. இரண்டு வார்த்தை அழிந்துவிட்டன.

அவனுக்கு முதலில் கொடுத்தது டாக்டர் வேடம். டாக்டருக்கு வசனம் நிறைய. இப்போது அவன் லாரி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஹெட்லைட் ஆக்குகிறான். வாயால் ஹாரன் அடிக்கிறான். அவனோடு வந்த பெண்ணுக்குத் தங்கை வேடம். இரண்டு வரி. மூன்றாமவன் பள்ளி வாசல். கம்பாக நிற்க வேண்டும். 7,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறார்கள்.

மற்ற பேச்செல்லாம் தான்சானியர்கள் மூவரிடமும் இருக்கிறது.

மைதானத்தில் முந்நூறு பேர் மண்ணில் உட்காருகிறார்கள். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். யாரும் சொல்லவில்லை. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி. ஆசிரியர்களுக்கு நாற்காலி. தலைமையாசிரியருக்குக் கைவைத்த நாற்காலி.

வேலியாக ஆளுயரத் திருகுகள்ளி. வேலிக்கு வெளியே நாலைந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்திருக்கிறார்கள். சவாரி ஓட்டுகிறவர்கள். இஞ்சின் அணைந்திருக்கிறது. மரத்தடியில் இரண்டு கிழவர்கள் ‘பாவோ’ ஆடுகிறார்கள். பல்லாங்குழிக்கு அண்ணன் மாதிரி ஒரு பலகை, நாலு வரிசைக் குழி. விதையைக் குழிக்குள் போடுகிற கை நிற்கவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம்.

நாடகம் தொடங்குகிறது.

பள்ளிக்கூடப் பெண் நடந்து போகிறாள். வீடு எட்டு கிலோமீட்டர். பின்னாலிருந்து லாரி வருகிறது. லாரியின் கழுத்து வெயிலில் சிவந்திருக்கிறது. “ம்சுங்கு! ம்சுங்கு!” என்று கூட்டம் கத்துகிறது. வெள்ளைக்காரனை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். லாரி ஹாரன் அடிக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டு ஆடு மாதிரி வருகிறது. முந்நூறு பேரும் விழுந்து சிரிக்கிறார்கள். பெண்கள் பக்கமும் சிரிக்கிறது. ஒரு ஆசிரியை வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

லாரியிலிருந்து டிரைவர் இறங்குகிறான். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறான். அவ்வளவுதான்.

“ஃபதாகி!”

கூட்டமே கத்துகிறது. ஃபதாகி என்றால் பட்டாசு. 2008-இல் நாடு முழுவதும் வானொலியில் வந்த ஒரு விளம்பரத் தொடரின் ஆசாமி. வயசான ஆள். பள்ளிப் பெண்களுக்கு ஆசை காட்டுவான். ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே புகுந்து காரியத்தைக் கெடுப்பார்கள். தொடர் நின்ற பிறகும் பெயர் ஊரில் தங்கிவிட்டது. இப்போது பேருந்தில் சின்னப் பெண் பக்கத்தில் பெரிய மனுஷன் உட்கார்ந்தாலும் யாராவது அந்தப் பெயரை முணுமுணுக்கிறார்கள்.

“தங்கச்சி, எதுக்கு நடக்கிறே? ஏறிக்கோ.”

மறுநாள் சிப்சி மயாயி. உருளைக்கிழங்கு வறுவல்மேல் முட்டையை ஊற்றிச் சுட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சூடாக வருகிறது. பை நிஜம். உள்ளே காகிதம். முன்வரிசைப் பையன் ஒருவன் மோந்து பார்க்கிறான்.

மூன்றாம் நாள் செல்போன் ரீசார்ஜ் அட்டை. ஆயிரம் ஷில்லிங். டிரைவர் அதை அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் நோட்டுக்குள் செருகி மூடுகிறான்.

இரண்டு பேர் ஒரு கங்காத் துணியை விரித்துப் பிடிக்கிறார்கள். மஞ்சளும் சிவப்பும். துணிக்குப் பின்னால் இருவரும் போகிறார்கள். ஒருவன் பிளாஸ்டிக் வாளியை மூன்று முறை தட்டுகிறான். கூட்டத்தில் சத்தம் இல்லை. பிறகு எங்கோ ஒரு சிரிப்பு. பிறகு பல சிரிப்பு. ஆசிரியர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்க்கிறார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

துணி இறங்குகிறது. பெண் அதைச் சுருட்டி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்கிறாள். வயிறு.

சிரிப்பு நிற்கிறது.

பள்ளி வாசல் கம்பாக நிற்கிறது. தலைமையாசிரியர் வேடக்காரன் கடன் வாங்கிய டையோடு வருகிறான். கழுத்தில் தளர்ந்து தொங்குகிறது. விரலை வெளியே நீட்டுகிறான். அவள் போகிறாள். தங்கை தன் இரண்டு வரியைச் சொல்கிறாள். உச்சரிப்பு தப்பு. யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிகிறது. பத்து நிமிஷம்.

ம்பேயா பெண் நடுவுக்கு வருகிறாள். இதே நாடகம் மறுபடி நடக்கும். எந்த இடத்தில் அந்தப் பெண் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ, அங்கே கை தட்டலாம். நாடகம் நிற்கும். தட்டியவர் எழுந்து வந்து அவள் வேடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் விடாமல் நடிப்பார்கள்.

முறை பிரேசில்காரர் அகஸ்தோ போவாலுடையது. 1970களில் வகுத்தார். 2009-இல் இறந்துவிட்டார். நடுவில் நின்று நடத்துகிறவருக்கு அவர் வைத்த பெயர் ஜோக்கர். ஆனால் இந்த நாட்டுக்கு நாடகம் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்து நாடகத் துறையினர், பெனினா ம்லாமா போன்றவர்கள், 1980களிலேயே கிராமங்களில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாடகம் செய்தார்கள். 1996-இல் அதே துறை பள்ளி மாணவிகளுக்காக ‘துசேமே’ என்று ஒன்றைத் தொடங்கியது. பேசுவோம் என்று அர்த்தம். பதிவேட்டில் மேற்படிக் குறி போட்டவர்களுக்கு இதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டிருக்கலாம்.

லாரி மறுபடி வருகிறது. ஹாரன் இப்போது இன்னும் மோசம்.

கைதட்டல். ஒரு பையன். கங்காவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒய்யாரமாக நடக்கிறான். விசில் பறக்கிறது. டிரைவர் கூப்பிட்டதும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வேலி வரை ஓடுகிறான். பெரிய கைதட்டல்.

ஜோக்கர் கேட்கிறாள்: “நாளைக்கும் எட்டு கிலோமீட்டர். நாளைக்கும் ஓடுவாயா?”

பையன் யோசிக்கிறான். கங்காவை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு உட்காருகிறான்.

லாரி மறுபடி வருகிறது. அடுத்த கைதட்டல் சிப்சி மயாயி வந்ததும். உயரமான ஒரு மாணவி. பையை வாங்கிக்கொள்கிறாள். காகிதத்தை மென்று தின்கிற மாதிரி நடிக்கிறாள். கையைத் துடைக்கிறாள். “நன்றி மாமா, நான் வர்றேன்” என்று நடக்கத் தொடங்குகிறாள். டிரைவருக்குச் சொல்ல வசனம் இல்லை. பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்று கத்துகிறது.

இன்னொருத்தி வருகிறாள். கங்காத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டுகிறாள். ஆணுறை எங்கே என்று கேட்கிறாள். குரல் தாழ்ந்திருக்கிறது. டிரைவர் கண்ணாடியைக் கழற்றுகிறான்.

“என்மேல நம்பிக்கை இல்லையா?”

ஆண்கள் பக்கம் சிரிக்கிறது. அவள் நீட்டிய கை அப்படியே இருக்கிறது. பதில் வரவில்லை. கையும் மடங்கவில்லை. ஜோக்கர் நாடகத்தை நிறுத்தவில்லை. வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள்காரர்கள் சாய்வதை விட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். கடைசியில் டிரைவர்தான் பார்வையைத் திருப்புகிறான்.

இன்னொருத்தி ரீசார்ஜ் அட்டையை வாங்கி நேராகத் தங்கையிடம் காட்டுகிறாள். தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் கற்ற இரண்டு வரியும் அழுவதற்கானவை. ‘நல்லது’ என்று சொல்கிறாள். அது அவளுக்குத் தெரிந்த வார்த்தை. எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நாடகம் பள்ளி வாசலுக்கு வருகிறது. டைக்காரன் விரலை நீட்டுகிறான்.

கைதட்டல்.

இரண்டாம் படிவத்து மாணவி. சுமார் பதினைந்து வயது. சின்ன உருவம். ஸ்வெட்டரின் முழங்கை தைத்திருக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி வழியாக வருகிறாள். ஜோக்கர் கங்காவை நீட்டுகிறாள். மாணவி வாங்கவில்லை. டைக்காரனைக் காட்டுகிறாள்.

“அவர் வேடம்.”

கூட்டம் ஜோக்கரைப் பார்க்கிறது. ஜோக்கர் விதியைச் சொல்கிறாள். பாதிக்கப்பட்டவர் வேடத்தைத்தான் மாற்றலாம். பாதிப்பு தருகிறவர் வேடத்தை மாற்றினால் விளையாட்டு உடனே தீர்ந்துவிடும். வெளியுலகத்தில் அப்படி நடக்காது. போவால் வைத்த விதி.

“அவள் என்ன செய்தாலும் வாசல் மூடித்தானே இருக்கு?”

மாணவி இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. முன்வரிசைக்குக் கேட்கிறது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொல்கிறது. வாசலாக நிற்கும் பிரிட்டிஷ் பையனுக்கு மொழி புரியவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பதால் இன்னும் விறைப்பாக நிற்கிறான்.

கைவைத்த நாற்காலியிலிருந்து தலைமையாசிரியர் சிரிக்கிறார். மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் சிரிக்கிறார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அவர் மேஜை இழுப்பறையில் 2002-ஆம் ஆண்டின் விதிமுறை இருக்கிறது. ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் செய்த மாணவரை நீக்கலாம். பள்ளிகள் கர்ப்பத்தை அதில் சேர்த்துக்கொள்கின்றன. மாணவிகளுக்கு அவ்வப்போது கர்ப்பப் பரிசோதனை நடக்கிறது. விதியை எழுதியவர் வேறு. வாசலில் விரலை நீட்ட வேண்டியவர் இவர்.

மாணவி தன் இடத்துக்குப் போகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் அவளுக்கு இடம் விட்டு நகர்கிறாள். நெருங்கி உட்காரவா, விலகி உட்காரவா என்று தெரியவில்லை.

அடுத்து கேள்விப் பெட்டி. காலணிப் பெட்டியில் பிளவு போட்டது. பெயர் எழுத வேண்டாம். முதலில் யாரும் எழுதவில்லை. பிறகு பேனா இரவல் போகிறது. ஒரே பேனா ஆறு கை மாறுகிறது. எல்லாரும் தாளை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு மடிக்கிறார்கள்.

கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா? வராது.

முதல் தடவையே கர்ப்பம் ஆகுமா? ஆகும்.

ஆணுறையில் புழு இருக்கிறதாமே? தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தால் தெரியுமாமே? ஆண்கள் பக்கம் தலைகள் ஆடுகின்றன. இது எல்லாருடைய கேள்வி. ஜோக்கர் பொறுமையாகச் சொல்கிறாள். வழவழப்புத் திரவம் தண்ணீரில் திரிந்து இழையாகத் தெரியும். புழு அல்ல. ஒரு பையன் நம்பாமல் உதட்டைப் பிதுக்குகிறான்.

மாத்திரை சாப்பிட்டால் நோய் போய்விடுமா? போகாது. அடங்கியிருக்கும். தினமும் சாப்பிட வேண்டும். மருத்துவ நிலையத்தில் இலவசம்.

அடுத்த தாளை விரிக்கிறாள். படிக்கிறாள். சத்தமாகப் படிக்கவில்லை. மறுபடி மேலிருந்து படிக்கிறாள். ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்க்கவில்லை. தாளை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து ஜீன்ஸ் பையில் வைக்கிறாள். அடுத்த தாளை எடுக்கிறாள்.

கொசுவைப் பற்றி இன்னொரு கேள்வி.

வளையம் ஒலிக்கிறது. பிள்ளைகள் எழுந்து பின்பக்கம் தட்டிக்கொள்கிறார்கள். செம்மண் பறக்கிறது.

பிற்பகல். அட்டைப்பெட்டி மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது. வேலியைத் தாண்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கால்பந்து மைதானம். பள்ளியின் இடம் அல்ல. பத்து அடி தூரம்.

வாழைப்பழம் ஒருவன் கையில். செதுக்கிய மரக்கட்டை இன்னொருவன் கையில். லீட்ஸ் பையன் மரக்கட்டையைத் தலைகீழாகப் பிடிக்கிறான். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் திருத்தி வைக்கிறார். முதலில் காலாவதித் தேதி. பிறகு பாக்கெட்டை விரலால் அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. ஓரத்தில் கிழிப்பது. பல்லால் கடிப்பதில்லை. நுனியைக் கிள்ளிக் காற்றை எடுப்பது. பிறகு உருட்டி இறக்குவது. பையனுக்கு வசனம் தேவையில்லை. கைதான் பேசுகிறது. காலை முழுக்க லாரியாக நின்றவன் இப்போது நிதானமாக இருக்கிறான்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆளுக்கு இரண்டு பாக்கெட் எடுக்கிறார்கள். ஒருவர் கைநிறைய அள்ளி பெட்ரோல் டாங்க்மேல் உள்ள பையில் போடுகிறார். பாவோ ஆடிய கிழவர்களில் ஒருவர் வருகிறார். பேரனுக்கு என்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேலிக்கு உள்ளே, திருகுகள்ளி இடுக்குகளில், பச்சை ஸ்வெட்டர்கள்.

மைதானத்தின் ஓரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் துணிக் கூடாரம். நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், பதினைந்து நிமிஷம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நர்ஸ் வயது கேட்கிறார். சொல்கிறான். பதினெட்டு ஆகவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ வர வேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம். பையன் தலையாட்டுகிறான். வீட்டுப் பக்கம் போகவில்லை. கால்பந்து ஆடுகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறான். பந்து பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியது.

ம்பேயா பெண் கூடாரத்துக்குள் போகிறாள். பரிசோதனைக்கு அல்ல. ஜீன்ஸ் பையிலிருந்து தாளை எடுத்து நர்ஸிடம் கொடுக்கிறாள். நர்ஸ் படிக்கிறார். கூடாரத்தின் துணியை இழுத்து மூடுகிறார்.

அந்தி நேரம். பிக்கப் வண்டி வருகிறது. அட்டைப்பெட்டி காலி. கங்கா மடித்தாகிவிட்டது. நாளை இன்னொரு பள்ளி. லீட்ஸ் பையன் உள்ளங்கையைப் பார்க்கிறான். எழுத்து ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்கும் அவன் லாரிதான்.

2017 ஜூனில் அதிபர் ஜான் மகுஃபுலி பொது மேடையில் சொல்கிறார்: பிள்ளை பெற்ற மாணவிக்குப் பள்ளியில் இடம் கிடையாது, தன் ஆட்சி இருக்கும் வரை.

2019-இல் எச்.ஐ.வி. சட்டம் திருத்தப்படுகிறது. 15 வயதிலேயே பெற்றோர் இல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

2020 மார்ச்சில் கொரோனா. பிரிட்டனிலிருந்து வந்த தன்னார்வலர்கள் ஊர் திரும்புகிறார்கள். அந்தத் திட்டம் அதோடு முடிகிறது.

2021 மார்ச்சில் மகுஃபுலி இறக்கிறார். சாமியா சுலுஹு ஹசன் அதிபராகிறார். நவம்பரில் அரசு அறிவிக்கிறது: பிரசவமான மாணவிகள் பள்ளிக்குத் திரும்பலாம்.

தலைமையாசிரியர் வேடம் கேட்ட மாணவிக்கு அப்போது சுமார் 22 வயது.